பாறை காட்டிய வழி: கொடும்பாளூர் முதல் நார்த்தாமலை வரை

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே எந்த ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினாலும் தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை தெரியும். அதில் பெரும்பாலும் ஒரு கோயில் இருக்கும். இல்லையென்றால் குகை, அதுவும் இல்லையென்றால் ஒரு சுனை. மாசி மாத ஞாயிறு ஒன்றில் நாள் முழுக்க அந்தப் பாறைகளைப் பார்த்தே பைக் ஓட்டினேன்.

உறையூரிலிருந்து கிளம்பும்போது மதுரை ரோடு என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. விராலிமலையில் டீ, கோயில் பக்கம் நாலைந்து மயில். நாற்கர சாலையில் ஓட்டுவதில் எனக்குச் சுகமே கிடையாது; லாரிக் காற்றுதான் மிச்சம். கொடும்பாளூர் என்ற பெயர்ப்பலகை வந்ததும் இறங்கிவிட்டேன்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்தபோது எதிர்ப்பட்ட மறையவன் சொல்லும் வழியில் இந்த ஊர் வருகிறது. கொடும்பை என்று பெயர். அங்கே போனால் பாதை சிவன் கைச் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறது சிலப்பதிகாரம். அதே உறையூரிலிருந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கே போய் நின்றது எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது.

பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் தலைவன் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் எடுத்தது மூவர் கோயில். மூன்றில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். புல்வெளியில் என்னைத் தவிர ஆளே இல்லை. அரை மணி நேரம் விமானத்துச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்தபடியே சுற்றினேன். அப்புறம் இடது பக்கம், இலுப்பூர் ரோட்டில் வண்டியைத் திருப்பினேன்.

இங்கிருந்துதான் பயணமே தொடங்கியது. செம்மண், பனை, பாதி வற்றிய கண்மாய், அதன் கரையில் மண்குதிரைகளோடு ஒரு ஐயனார். நடுநடுவே தைலமரக் காடு. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் பேச்சுக் கொடுத்த பெரியவர், "கம்மாய்க்கு வர்ற தண்ணிய எல்லாம் இதுதான் தம்பி குடிக்குது" என்றார். அவர் சொன்ன பிறகு அந்த மரங்களை என்னால் ரசிக்க முடியவில்லை. இவ்வளவு கண்மாய் வெட்டி மழைநீரைத் தேக்கிப் பிழைத்த மண்ணில் அவற்றை வரிசை வரிசையாக நட்டிருப்பது நியாயமாகவே படவில்லை.

ஒரு வளைவில் ரோட்டின் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் இருந்த ஆத்தா கையை ஆட்டி, "அது மேலயே ஏத்திப் போ சாமி, அதுக்குத்தானே போட்டிருக்கோம்" என்றார். மெதுவாக ஏற்றினேன். சக்கரத்துக்கு அடியில் காய்ந்த நெற்றுகள் படபடவென்று வெடித்தன. ஆத்தாவுக்குத் திருப்தி இல்லை. "இன்னொரு தடவ திரும்பி வாயேன்." போய்விட்டு வந்தேன். அவர் சருகை ஒதுக்கி, அடியில் கிடந்ததைச் சொளகில் அள்ளிப் புடைத்தார். தூசி பறந்தபின் பழுப்பும் சாம்பலுமாகக் கொள்ளு, கூடவே தாரிலிருந்து பெயர்ந்த பொடிக்கல். கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். சக்கரத்தில் கொடி சுற்றியிருப்பதையும் அவர்தான் காட்டினார். உட்கார்ந்து அதை எடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

அன்னவாசல் தாண்டிச் சித்தன்னவாசல். கூட்டம் இருந்ததால் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. விதானத்தில் ஓவியமாகத் தீட்டிய தாமரைக் குளத்தையும் அதில் பூப்பறிக்கிறவர்களையும் கண்நிறையப் பார்த்துவிட்டு ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு ஏறினேன். சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் தலையணை போல மேடாக, வழவழவென்று இருக்கிறது. அங்கிருந்து சுற்றிப் பார்த்தால் மறுபடியும் பாறைகள். அதில் பெரிய கூட்டமாகத் தெரிந்தது நார்த்தாமலை என்று காவலர் கைகாட்டினார். சரி, அதுதான் அடுத்தது.

நார்த்தாமலையில் மேலமலை அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு வெறும் பாறையில் நடக்க வேண்டும். சரிவில் திரும்பியதும் சட்டென்று விஜயாலய சோழீச்சரம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் குட்டிக் கோயில்கள். எட்டில் ஆறு மிச்சம். சாத்தன் பூதி கட்டிய கோயிலை மழை இடித்துவிட, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. எதிரே குகையில் ஆளுயரத்தில் 12 திருமால் சிற்பங்கள், எல்லாம் ஒரே அச்சு. இவ்வளவையும் விட என்னைக் கட்டிப்போட்டது அந்த இடம்தான். பெரிய பாறைச் சரிவில், மதில் கிதில் எதுவும் இல்லாமல், மலையிலேயே முளைத்தது போல நிற்கிறது கோயில். நாள் முழுக்கப் பார்த்ததில் திரும்பவும் போயே தீர வேண்டும் என்று தோன்றிய இடம் இதுதான்.

இறங்கும்போது ஆடு ஓட்டி வந்த அண்ணன், "குன்னாண்டார்கோயில் பாத்தாச்சா? அங்கயும் பாறையக் குடைஞ்சுதான் வச்சிருக்காங்க" என்றார். வெளிச்சம் இல்லை. பெட்ரோலும் குறைவு. கீரனூர் வழியாகத் திருச்சி ரோட்டைப் பிடித்தேன். குன்னாண்டார்கோயில் பாக்கி இருக்கிறது.