வென்சூரி, ஃப்ளோட், நாலு ஸ்க்ரூ: மார்வெல்-ஷெப்ளர் கார்புரேட்டரில் கட்டாயம் பார்க்க வேண்டியவை

செஸ்னா 150, 152, பழைய 172, பைப்பர் செரோக்கி: இந்தச் சின்ன விமானங்களின் எஞ்சினுக்கு அடியில் தொங்கி, காற்றில் பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டர் பெரும்பாலும் மார்வெல்-ஷெப்ளர் வகைதான். கான்டினென்டல் ஓ-200-ல் எம்.ஏ-3எஸ்.பி.ஏ, லைகமிங் ஓ-235-ல் எம்.ஏ-3ஏ அல்லது எம்.ஏ-3பி.ஏ, ஓ-320-ல் எம்.ஏ-4எஸ்.பி.ஏ. இந்த நாலு மாடலுக்கும் பொருந்தும் முக்கியமான உத்தரவு அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் ஏ.டி. (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) 98-01-06. எஞ்சினும் கார்புரேட்டரும் அமெரிக்க வடிவமைப்பு என்பதால் நம் ஊர் ஃப்ளையிங் கிளப் விமானங்களுக்கும் அதுவே செல்லும். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளில் கட்டாய மாற்றங்களைப் பற்றிப் பேசுவது சி.ஏ.ஆர். (விமான விதித் தொகுப்பு) பிரிவு 2, 'எம்' தொடர். 172ஆர், 172எஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவை கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்.

உத்தரவு எதைப் பற்றியது என்று புரிய கார்புரேட்டரின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். காற்று, கார்புரேட்டருக்கு அடியில் உள்ள ஏர்பாக்ஸ் என்ற பெட்டி வழியாக அடியிலிருந்து மேலே ஏறுகிறது. வழியில் குழாய் குறுகும் இடம்தான் வென்சூரி. குறுகும் இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும், அந்த இழுப்பில் நடுவே நிற்கும் நாசில் வழியாகப் பெட்ரோல் மேலே வந்து தெளிக்கும். பழைய கார்புரேட்டரில் வென்சூரி இரண்டு துண்டு. வெளியே பெரியது ஒன்று, அதற்குள் நாசிலைச் சுற்றி மோதிரம் மாதிரி சின்னது ஒன்று. சின்னதன் வாய் பெரியதன் குறுகிய கழுத்துக்கு அருகே முடிவதால் நாசில் முனையில் இழுப்பு இன்னும் பலமாக இருக்கும், பெட்ரோலும் நன்றாகப் பொடிப்பொடியாக உடையும். நல்ல யோசனை. அந்த உள் மோதிரத்தின் பிடிப்பு மட்டும்தான் அதன் பலவீனம்.

எஞ்சின் அதிர்வில் பிடிப்பு தேய்ந்தால் மோதிரம் ஆட ஆரம்பிக்கும். முதலில் லேசாகச் சாயும், நாசிலின் மையத்திலிருந்து விலகும். அப்போதே மிக்ஸ்சர் (காற்று-பெட்ரோல் கலவை) மாறிவிடும், எஞ்சின் கரடுமுரடாக ஓடும். முழுதாகக் கழன்றால் காற்றோட்டம் அதை மேலே தூக்கிக்கொண்டு போய் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பட்டாம்பூச்சித் தகட்டுக்குக் கீழே மாட்டிவிடலாம். முழு திராட்டிலில்தான் காற்று மிக வேகமாகப் போகும் என்பதால் டேக்-ஆஃப்பின்போதே பவர் போக வாய்ப்பு அதிகம். விமானிக்கு யோசிக்க நேரமே கிடைக்காத கட்டம் அது.

இதற்குத் தீர்வாக வந்தது ஒரே வார்ப்பில் செய்த ஒற்றைத் துண்டு வென்சூரி. அப்போது இந்தக் கார்புரேட்டர்களைத் தயாரித்த பிரிசிஷன் ஏர்மோட்டிவ் எம்.எஸ்.ஏ-2 என்ற சர்வீஸ் புல்லட்டினை வெளியிட்டது, 1993-ல் எஃப்.ஏ.ஏ. அதைக் கட்டாயமாக்கியது. கழன்று விழ ஒன்றுமே இல்லாத பாகம் என்பதால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மாற்றிய எஞ்சின்கள் பலவற்றில் புதுச் சிக்கல் வந்தது. உள் மோதிரம் தந்த கூடுதல் இழுப்பு போய்விட்டதால் பெட்ரோல் சரியாக உடையாமல் தாரையாக ஏறியது. சிலிண்டருக்குச் சிலிண்டர் மிக்ஸ்சர் வேறுபட்டது, திராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் தயங்கியது. பாதுகாப்புக்காகப் போட்ட பாகமே எஞ்சினைக் கெடுத்தால் என்ன செய்வது? 98-01-06 அதனால்தான் வந்தது. முந்தைய உத்தரவை நீக்கி, இரண்டு துண்டு வென்சூரியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்றது. தான் கட்டாயமாக்கியதை ஒரு அமைப்பு தானே திருத்திக்கொள்வது பெரிய விஷயம், அதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஆக இன்று வழி இரண்டு. ஒற்றைத் துண்டு இருந்தால் திரும்பத் திரும்பப் பார்க்கும் வேலை இல்லை. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொரு ஆண்டுப் பரிசோதனையிலும் 100 மணி நேரப் பரிசோதனையிலும் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும்.

எது இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்புரேட்டரின் பெயர்த்தகட்டில் கீழ்ப்பக்கம் 'வி' என்ற ஆங்கில எழுத்து குத்தியிருந்தால் ஒற்றைத் துண்டு. ஆனால் தகட்டை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஓவர்ஹாலில் பாகங்கள் மாறிப்போகலாம், எழுத்து குத்த மறந்திருக்கலாம். கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேக்னெட்டோ சுவிட்ச் ஆஃப், மிக்ஸ்சர் கட்-ஆஃப், ஃப்யூயல் வால்வ் மூடல். இவை முடிந்த பிறகு எஞ்சின் மூடியான கவ்லிங்கையும் ஏர்பாக்ஸையும் கழற்றுங்கள். அடியிலிருந்து டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடி வைத்து மேலே பாருங்கள். திராட்டில் லீவரைக் கையால் முழுதாகத் திறந்து வைத்தால் மேலே வரை தெரியும். நாசில் தனியாக நின்று, சுற்றிலும் வழவழப்பான ஒரே சுவர் என்றால் ஒற்றைத் துண்டு. நாசிலைச் சுற்றி வளையம் தெரிந்தால் இரண்டு துண்டு.

வளையம் இருந்தால் முதலில் பழுப்பும் நீலமுமாகப் படிந்த பெட்ரோல் கறையைத் துடைத்துவிடுங்கள், அது தேய்மானத்தை மறைக்கும். பிறகு வளையம் பிடித்து நிற்கும் இணைப்பிடத்தைப் பாருங்கள். உலோகம் உலோகத்தோடு உரசியிருந்தால் அங்கே பளபளவென்று ஒரு கோடு இருக்கும், அதன் ஓரத்தில் கறுத்த பொடி ஒட்டியிருக்கும். கோடு தெரிந்தாலே சந்தேகப்படலாம். மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சியால் வளையத்தை மேலும் பக்கவாட்டிலும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். நாசில் முனையில் ஒரு கீறல் விழுந்தாலும் தெளிப்பு மாறிவிடும். வளையம் துளி ஆடினாலும் கார்புரேட்டரைக் கழற்றியாக வேண்டும். 'அடுத்த 100 மணி வரை பார்க்கலாம்' என்பதற்கு இதில் இடமே இல்லை.

மாற்றும்போது பலர் செய்யும் தவறு, வென்சூரியை மட்டும் தனியாக வாங்கிப் போடுவது. மேல்பாதியான திராட்டில் பாடிக்கும் பெட்ரோல் நிற்கும் கீழ்பாதியான பவுலுக்கும் நடுவில்தான் வென்சூரி உட்காருகிறது. அதை எடுக்கக் கார்புரேட்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பிரித்தால் கேஸ்கெட்டும் லாக் வாஷர்களும் புதிதாகப் போட வேண்டும், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் அளவை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் நாசில். ஒற்றைத் துண்டு வென்சூரிக்கு ஏற்ற நாசிலில் முனையைச் சுற்றிப் பல சின்னத் துளைகள் இருக்கும், பெப்பர்பாக்ஸ் நாசில் என்பார்கள். தாரையாக ஏறும் சிக்கலுக்கு மருந்து அதுதான். ஆனால் எந்த எஞ்சினுக்கு எந்த நாசில் என்பது 'எம்.ஏ-4எஸ்.பி.ஏ' என்ற மாடல் பெயரை வைத்துத் தெரியாது. தகட்டில் 10- என்று தொடங்கும் எண்தான் கணக்கு. ஒரே மாடலில் எண் மாறினால் உள்ளே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டும் நாசிலும் மாறும். கடைக்கோ ஓவர்ஹால் ஷாப்புக்கோ அந்த எண்ணை முழுசாக, கடைசிக் கோடுக்குப் பின்னால் வரும் எண் உட்பட, சொல்லுங்கள்.

மாற்றிய பிறகும் எஞ்சின் கரடுமுரடாக ஓடினால் ஜெட்டைத் துளை பெரிதாக்கிச் சமாளிக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தரையில் சரியாகத் தெரியும், ஏறும்போது ஏதோ ஒரு சிலிண்டர் பெட்ரோல் குறைந்து லீனாகவே ஓடி சூடேறும். அந்த எஞ்சினுக்கு இரண்டு துண்டுதான் ஒத்துவரும் என்றால் அதையே போட்டு, ஒழுங்காகப் பரிசோதித்து ஓட்டுவது மேல். உத்தரவே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறதே.

அடுத்தது ஃப்ளோட். இதன் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஒரு தீர்வு அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. முதலில் பித்தளைத் தகட்டில் ஈயம் பற்றவைத்த ஃப்ளோட். பற்று விட்டால் உள்ளே பெட்ரோல் புகுந்து கனமாகும். பிறகு வந்த கறுப்பு காம்போசிட் ஃப்ளோட் பெட்ரோலை உறிஞ்சியது. அதற்குப் பிறகு வெள்ளை நிற உள்ளீடற்ற பிளாஸ்டிக், அதிலும் கசிவு. இப்போது வருவது நீல நிறத் திட எப்பாக்சி ஃப்ளோட், உள்ளே காலி இடமே இல்லை. பிரித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தால் நிறத்தைப் பார்த்தே எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம். வெள்ளையோ கறுப்போ இருந்தால் மறுபடி போடாமல் மாற்றிவிடுவதே என் கருத்து. பித்தளை என்றால் வெந்நீரில் முக்கிப் பாருங்கள், ஓட்டை இருந்தால் குமிழி வரும்.

ஃப்ளோட் கனமானால் அது கீழே இறங்கும், பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வ் மூடாது, பவுலில் பெட்ரோல் மட்டம் ஏறும். எஞ்சினை நிறுத்திய பிறகு ஏர்பாக்ஸிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதா? ஐடிலில் (திராட்டில் மூடிய குறைந்த ஓட்டத்தில்) கறும்புகையா? மிக்ஸ்சர் கைப்பிடியை இழுத்துப் பெட்ரோலைக் குறைத்தால் ஐடில் சீராகிறதா? மூன்றும் ஒரே நோய்க்கான அறிகுறி. சொட்டிய பெட்ரோல் ஏர்பாக்ஸில் தேங்கியிருக்க, ஸ்டார்ட் செய்யும்போது பேக்ஃபயர் ஆனால் தீப்பிடிக்கும். நீடிலில் குப்பை சிக்கினாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால் வடிகட்டிச் சல்லடையை முதலில் பார்த்துவிடுங்கள்.

எம்.ஏ-3, எம்.ஏ-4எஸ்.பி.ஏ.வில் உலோக ஃப்ளோட்டின் உயரம் 7/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5.5 மி.மீ. திராட்டில் பாடியைத் தலைகீழாக வைத்து, கேஸ்கெட்டைப் போட்டு, கேஸ்கெட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவில் அளக்க வேண்டும். 7/32 டிரில் பிட்டின் அடிப்பகுதியே நல்ல கேஜ். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். கேஸ்கெட் இல்லாமல் அளந்தால் அதன் கனம் அளவு தப்பிவிடும். மற்ற வகை ஃப்ளோட்டுக்கு அதனுடன் வரும் அறிவுறுத்தலில் உள்ள அளவையே எடுங்கள். ஃப்ளோட்டின் பக்கங்களில் உரசிய தடம் இருந்தால் பவுல் சுவரில் இடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஃப்ளோட் எப்போது வேண்டுமானாலும் மேலேயோ கீழேயோ சிக்கிக்கொள்ளும்.

பவுலையும் பாடியையும் சேர்க்கும் நாலு ஸ்க்ரூ சின்ன விஷயமாகத் தெரியும், அப்படியில்லை. கேஸ்கெட் நாளடைவில் அமுங்கும், ஸ்க்ரூ தளரும். 100எல்.எல். என்ற விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் இருப்பதால் சேரும் இடத்தில் நீலக் கறை தெரிந்தால் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூ தலையில் மடிந்திருக்கும் லாக் வாஷர் காது ஒன்று நிமிர்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒருமுறை மடித்து நிமிர்த்திய காதை மறுபடி மடித்தால் ஒடியும், புது வாஷரே போடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஐடிலில் மிக்ஸ்சரை மெதுவாக இழுங்கள். சுற்று கொஞ்சம் கூடிப் பிறகு விழ வேண்டும். நிமிடத்துக்கு 50 சுற்றுக்கு மேல் கூடினால் ஐடில் மிக்ஸ்சர் ரிச் (பெட்ரோல் அதிகம்), கூடாமலே விழுந்தால் லீன். பிறகு திராட்டிலைச் சட்டென்று தள்ளி, தயங்குகிறதா என்று கவனியுங்கள். திராட்டிலைத் தள்ளும்போது கூடுதல் பெட்ரோல் தரும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் கோளாறும் அதே மாதிரி தயங்கும், வென்சூரி மேல் பழி போடுவதற்கு முன் அதையும் பாருங்கள். முழு திராட்டிலில் விமானம் நின்றபடி வரும் சுற்று அந்த விமானத்தின் கையேட்டில் உள்ள வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்து, நாலு சிலிண்டருக்கும் ஈ.ஜி.டி. (வெளியேறும் புகையின் வெப்பநிலை) முனை இருந்தால் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு முன் எடுத்த எண்களும் இருந்தால்தான் ஒப்பிட முடியும், ஆகவே கழற்றுவதற்கு முந்தைய ஓட்டத்திலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.

லாக் புக்கில் 'ஏ.டி. செய்தாயிற்று' என்று ஒற்றை வரி போதாது. உத்தரவு எண், எந்த வழியில் நிறைவேற்றப்பட்டது, கார்புரேட்டரின் 10- எண்ணும் சீரியல் எண்ணும், தேதி, எஞ்சின் மணி, இரண்டு துண்டு என்றால் அடுத்த பரிசோதனை எப்போது என்பது வரை எழுதுங்கள். ஓவர்ஹால் செய்த கார்புரேட்டரை எக்ஸ்சேஞ்சில் வாங்கிப் பூட்டினால் பழையதன் பதிவு அதற்குப் பொருந்தாது. வந்ததன் தகட்டையும் உள்ளேயும் பார்த்து, புதுப் பதிவைத் தொடங்குங்கள்.