இஸ்திரி வண்டிக்கு ஒரு நிழல்

வர்தா புயல் அடித்த அன்று, 2016 டிசம்பர் 12, எங்கள் அசோக் நகர் தெருவில் மட்டும் ஐந்து மரங்கள் சாய்ந்தன. மூன்று பெருங்கொன்றை (இயல்வாகை என்றும் சொல்வார்கள், மஞ்சள் பூ கொட்டுமே, அது), ஒரு குல்மோகர், ஒரு தூங்குமூஞ்சி. மறுநாள் காலையில் வெளியே வந்தால் தெருவே வேறு ஊர் மாதிரி வெளிச்சமாகக் கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, போக இடமும் இல்லை, அதனால் எல்லோரும் விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

எங்கள் வீட்டெதிரே விழுந்த பெருங்கொன்றையின் அடிப்பக்கத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஒரு தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வேர் நீண்டு பிய்ந்திருந்தது. சாக்கடை ஓடும் பக்கம் வெட்டி நேராக்கின மாதிரி ஒரு சுவர், வேரே கிடையாது. எப்போதோ பள்ளம் தோண்டியபோது அறுத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் கரண்ட் கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை வருஷா வருஷம் கழித்து, எடை எல்லாம் மறுபக்கம். தூரைச் சுற்றிச் சுத்தமாக சிமெண்ட். புயல் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் அந்த மரத்தை நாங்கள் முப்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறோம், காற்று வந்து கடைசியாக ஒரு கை கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் மரம் நடும் விழாக்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் கன்றுகள் வந்தன, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம், நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் அந்தப் போட்டோவில். பன்னிரண்டு கன்று. அடுத்த மே மாதம் மிஞ்சியது இரண்டு. டிசம்பர் கடைசியில் நட்டால் மழை முடிந்துவிட்டிருக்கும், ஜனவரியிலிருந்து கையால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதை யார் செய்வது என்று அன்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் நட ஏற்ற காலம் செப்டம்பர், அக்டோபர். வடகிழக்குப் பருவமழை முழுசாகக் கன்றுக்குக் கிடைக்கும், வேர் இறங்கிவிடும், அப்புறம் வரும் கோடையை ஓரளவு தாங்கும்.

செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். நர்சரிப் பையிலேயே ரொம்ப நாள் இருந்ததால் வேர் வட்டமாகச் சுருண்டு, பையின் வடிவத்திலேயே நின்றது. நட்டு ஐந்து மாதமாகியும் வெளியே ஒரு வேர்கூடப் போகவில்லை. பையைக் கிழித்தவுடன் சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும், ரொம்ப முறுக்கிக்கொண்டிருந்தால் கத்தியால் கீறிவிட வேண்டும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது முறை கொஞ்சம் புத்தியோடு செய்தோம். எந்த மரம் என்பதிலேயே இரண்டு வாரம் சண்டை. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென் அமெரிக்காப் பக்கத்தது, அதனால் நாட்டு மரம்தான் வேண்டும் என்று ஒரு கட்சி. (தூங்குமூஞ்சி நிழலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அது வேறு விஷயம்.) சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும், கோனோகார்பஸ் வைக்கலாம் என்று ஒருவர் அடம் பிடித்தார். வேர் குழாய்க்குள்ளும் சாக்கடைக்குள்ளும் புகுந்துவிடும் சார், குஜராத்தில் 2023இல் தடையே போட்டுவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் விட்டார். மூன்றாவது வீட்டு மாமிக்கு எந்த மரமும் வேண்டாம். "இலையைப் பெருக்கறது நீயா, நானா?" என்றார். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. கடைசியில் கம்பி இல்லாத பக்கம் புங்கையும் மகிழமும், கம்பிக்குக் கீழே மந்தாரை என்று முடிவானது.

விழுந்த மரம் இருந்த அதே இடத்தில் நட முடியாது என்பதும் தோண்டும்போதுதான் தெரிந்தது. மேலே அறுத்து எடுத்துப் போனார்களே தவிர தூர் அப்படியே மண்ணுக்குள் இருந்தது. கடப்பாரை டங் டங்கென்று திரும்பி வந்தது. நாலடி தள்ளி மூன்றடி ஆழம், மூன்றடி அகலத்துக்குக் குழி. வந்த மண்ணில் பாதி செங்கல் துண்டு, தார்க்கட்டி, ஒரு பிளாஸ்டிக் செருப்பு. அதை எல்லாம் தள்ளிவிட்டு செம்மண், மக்கின எரு, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு போட்டு நட்டோம்.

தண்ணீர் ஊற்றினது யார் என்றால், எங்கள் தெரு இஸ்திரிக்காரர். பெருங்கொன்றைக்குக் கீழேதான் அவர் வண்டி நின்றது. மரம் போன பிறகு காலையில் ஒரு சுவரோரம், மதியம் எதிர்ச்சுவரோரம் என்று நிழலோடு நிழலாக வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கரிப்பெட்டி சூடு ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். "நீங்க ஆபீஸ் போயிடுவீங்க சார், நான்தானே இங்க நிக்கணும்" என்று தினமும் ஒரு குடம் அவரே ஊற்றினார். சங்கத்தில் தீர்மானம் போட்ட நாங்கள் ஆளுக்கு ஒரு வாரம் என்று அட்டவணை எழுதி ஒட்டியிருந்தோம். அது மூன்றாவது வாரமே நின்றது.

இன்னொரு தப்பும் நடந்தது. மாடு கடிக்காமல் இருக்க வைத்த இரும்புக் கூண்டை அப்படியே மறந்துவிட்டோம். போன வருஷம் பார்த்தால் புங்கையின் அடிமரம் பெருத்துக் கம்பியை விழுங்க ஆரம்பித்திருந்தது, பட்டை இரண்டு பக்கமும் உதடு மாதிரி மூடிக்கொண்டு வந்தது. வெல்டிங் கடைப் பையனைக் கூப்பிட்டு அறுத்து எடுத்தோம். உள்ளே போன ஒரு துண்டை எடுக்க முடியவில்லை, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது என் கவலை தெருமுனையில் வர்தாவுக்குத் தப்பின குல்மோகர். அடியில் பொந்து விழுந்து, தட்டினால் பானை சத்தம் வருகிறது. 2022 ஜூனில் பக்கத்துக் கே.கே. நகரில் கார் மேல் மரம் விழுந்து ஒரு பெண் இறந்தார், அதிலிருந்து அதன் கீழே யாரும் வண்டி நிறுத்துவதில்லை. வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதலில் பக்கத்தில் ஒரு கன்று வைத்து, அது ஆளுயரம் வந்த பிறகு கிளை கிளையாகக் கழித்து இறக்கலாம் என்று சங்கத்தில் சொன்னேன். பொந்து அதுவரை தாங்குமா என்று கேட்டார்கள். பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குழி மட்டும் தோண்டியாகிவிட்டது, மழைக்குக் காத்திருக்கிறோம்.

நேற்று மதியம் இஸ்திரி வண்டி புங்கைக்குக் கீழே நின்றது. நிழல் பாதி வண்டிக்குத்தான் எட்டுகிறது. துணி இருக்கும் பக்கம் வெயிலிலும், அவர் நிற்கும் பக்கம் நிழலிலும் இருக்கிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தார்.