சில்ஜியன் குடும்பத்தின் தட்டு

மெல்லிசை மேடையில் டிரம்ஸ் பக்கம் நிற்கும் பொன்னிறத் தட்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுத்தியல் விழுந்த சின்னச் சின்னக் குழிகள், கடைசல் போட்ட மெல்லிய வளையங்கள், சிலவற்றில் 'சில்ஜியன்' என்ற பெயர். அந்தப் பெயரின் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இஸ்தான்புல்லில் தங்கம் செய்யப் பார்த்த அவெடிஸ் என்ற ஆர்மீனியரின் கையில் இந்த உலோகக் கலவை சிக்கியது என்று சில்ஜியன் குடும்பத்தில் சொல்வார்கள். தொழில் தொடங்கியது 1623-இல். செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு, துளி வெள்ளி. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் படக்கென்று உடைந்துவிடும். உடையாமல் தகடாக்கும் பக்குவம்தான் ரகசியம். அது வாரிசுகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டது.

அப்புறம் அமெரிக்கா. பாஸ்டன் பக்கம் மிட்டாய்த் தொழிலில் இருந்த, அதே குடும்பத்து இன்னொரு அவெடிஸ், 1929-இல் குவின்ஸி ஊரில் பட்டறை போட்டார். பொருளாதாரம் சரிந்த அதே வருஷம்! ஆனால் அவர் ஜாஸ் கலைஞர்களைத் தேடிப் போய், என்ன வேண்டும் என்று கேட்டார். டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூபா மெல்லிய தட்டு கேட்டார், அவெடிஸ் செய்து கொடுத்தார். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.

அவருக்குப் பின் மகன்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. இளையவர் ராபர்ட் பிரிந்து, 1981-இல் கனடாவில் 'சேபியன்' என்ற தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மூத்தவர் ஆர்மண்ட் ரகசியத்தைத் தன் பெண் பிள்ளைகளுக்குச் சொன்னார். 1999-இல் மகள் க்ரெய்கி தலைமைக்கு வந்தார். குடும்ப வரலாற்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.