காவல் மலையில் முருகன், ஓடைக்கரையில் நந்தவனம்

வைகாசி விசாகத்துக்கு இந்த முறை எப்படியாவது மலைக்கோவிலுக்குப் போய்விட வேண்டும் என்று சித்திரையிலேயே முடிவு செய்துவிட்டேன். மொரீஷியஸுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் தைப்பூசக் காவடிக்குப் போகிறேன், ஆனால் அன்றைக்கு இருக்கும் கூட்டத்தில் முருகன் முகத்தை ஒரு நொடி பார்த்தாலே பெரும் பாக்கியம், மலையை நின்று பார்க்க எங்கே நேரம்? விசாகத்தன்று அப்படி இல்லை. விடியற்காலையில் போனால் நீங்கள், குருக்கள், முன்கூட்டியே வந்துவிட்ட பத்துப் பதினைந்து குடும்பங்கள், அவ்வளவுதான்.

கோவில் இருப்பது காத்ர் போர்ன் ஊரை ஒட்டிய கோர் தெ கார்த் மலையின் சரிவில். இங்கே எல்லோரும் ‘கோவில் மொந்தாஞ்’ என்றுதான் சொல்வார்கள், மலைக்கோவில் என்று அர்த்தம். கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளைகளும் ‘கோவில்’ என்ற சொல்லை நம் சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். மலையின் பெயருக்குப் பிரெஞ்சில் காவல் சாவடி என்று பொருள். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிக்க 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காவல் போட்டிருந்தார்களாம். மனிதர்களை வேட்டையாடக் காவல் இருந்த மலையில் இப்போது வேலவன் நிற்கிறான். படியேறும்போது எனக்கு எப்போதும் அந்த ஓடிப்போன மனிதர்களின் ஞாபகம் வரும், அவர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அன்றைக்கு நல்ல குளிர். வைகாசி என்றால் நமக்கு ஊரில் வெயில் கொளுத்தும், இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம். பால் அபிஷேகம் முடிந்து சந்தனக் காப்பு சாற்றும்போது கீழே ஊர் மொத்தமும் பனிமூட்டத்துக்குள் இருந்தது. ஒரு பாட்டி பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த துதிப்பாட்டை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பாடினார். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, ஆனால் குரல் நடுங்கிய இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

தரிசனம் முடிந்து வெளியே வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 720 மீட்டர் உயரம். மேல் பகுதி அரசாங்கத்தின் இயற்கைக் காப்பகம். அங்கே மாந்திரினெத் என்று ஒரு காட்டுச் செம்பருத்தி இருக்கிறது, சிவப்புப் பூ. உலகத்திலேயே இந்த மலையிலும் தெற்கே லெ மோர்ன் மலையிலும் மட்டும்தான் அது இயற்கையாக வளர்கிறது, அதிலும் மிஞ்சியிருப்பது மிகச் சில செடிகள். முருகனுக்கு நாம் சாற்றுகிற செம்பருத்தியின் சொந்தக்காரச் செடி, வேறு எங்கேயும் இல்லாமல் அவன் தலைக்கு மேலேயே பூத்துக்கொண்டிருக்கிறது. பத்து வருஷம் அந்தப் படியில் ஏறி இறங்கியும் எனக்கு இது தெரியாது. சொன்னவர் பெரியம்மா.

பெரியம்மா என்றால் சொந்தப் பெரியம்மா இல்லை. தெற்கே கரும்புக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன மாரியம்மன் கோவில் இருக்கிறது, அதன் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்பவர். எழுபது வயதுக்கு மேல். அவருடைய தமிழ் பாட்டியிடம் கற்றது, நடுவில் கிரியோல் வந்து விழும். என்னைத் தம்பி என்பார், ரொம்ப அன்பு வந்துவிட்டால் ‘மொ பிட்டி’, என் பிள்ளை. அன்றைக்கு மலைக்கோவிலுக்கு அவரும் வந்திருந்தார், தரிசனம் முடிந்ததும் என் வண்டியிலேயே அவரை ஊருக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. விசாகத்துக்கு அடுத்த நாள் அங்கே நந்தவன வேலை.

வழியில் சாலை ஓரம் நிறையக் கார்கள் நின்றிருந்தன. சீனக் கொய்யா பறிக்க வந்த குடும்பங்கள். சிவப்பாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பழம், உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் அப்படி ஒரு ருசி. நானும் வருஷா வருஷம் பறித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கொய்யாதான் மொரீஷியஸ் காட்டின் பெரிய எதிரி. பிரேசில் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது, குரங்கும் பன்றியும் பறவையும் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட, மூங்கில் புதர் மாதிரி நெருக்கமாக முளைத்து நாட்டு மரத்தின் கன்றுக்கு வெளிச்சமே விடாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். இந்தத் தீவில் நல்ல நிலையில் இருக்கிற பழைய காடு இன்று 2 சதவீதத்துக்கும் குறைவு. டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறி 1710இல் விட்டுப் போவதற்குள் கருங்காலியை வெட்டி வெட்டிக் கப்பலேற்றினார்கள், மிச்சத்தைப் பின்னால் வந்த கரும்பு தின்றது, அதற்கும் மிஞ்சியதைத்தான் கொய்யா அமுக்கிக்கொண்டிருக்கிறது.

கருங்காலி என்றதும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து இரண்டு பேர் என்னிடம் மொரீஷியஸ் கருங்காலியில் மாலை வாங்கி அனுப்பச் சொன்னார்கள், முருகன் அருள் உடனே கிடைக்குமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன், அவர்களுக்கு வருத்தம்தான். அழியும் அபாயத்தில் இருக்கிற மரத்தை மணியாகக் கடைந்து கழுத்தில் போட்டுக்கொண்டு மலைக்கடவுளிடம் என்ன கேட்பது? நிற்கிற மரத்தைக் கும்பிடலாம் என்பது என் நம்பிக்கை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோவில்காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். எங்கள் அப்பத்தா அந்தப் பக்கம் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும். வேலி கிடையாது, காவலாள் கிடையாது, ஊருக்கே பொதுவான பயமும் பக்தியும்தான் அந்தக் காட்டைக் காப்பாற்றியது.

மேட்டு வழியாகக் கங்கா தலாவ் என்ற புனித ஏரியைத் தாண்டிப் போனோம். பெத்ரேன் பக்கத்தில் தேசியப் பூங்கா. 1994இல் அறிவித்தது, 6,574 ஹெக்டேர், நாட்டின் முதல் தேசியப் பூங்கா. உள்ளே சில துண்டு நிலங்களைச் சுற்றி மானும் பன்றியும் நுழையாமல் வேலி போட்டு, களை பறித்து, பழைய மரங்களைத் தலையெடுக்க வைத்திருக்கிறார்கள். 1974இல் மொரீஷியஸ் வல்லூறு இந்த உலகத்தில் நான்கே நான்குதான் இருந்தது, இன்று நூற்றுக்கணக்கில். பச்சைக் கிளியையும் இளஞ்சிவப்புப் புறாவையும் அப்படித்தான் மீட்டிருக்கிறார்கள், கூடு வைத்து, தீனி வைத்து, எலி வராமல் காத்து. கிளியைப் பற்றிச் சொன்னதும் பெரியம்மா, “வள்ளி அம்மா தினைக்கொல்லையில கிளி விரட்டினாங்க, இங்க நாம கிளியைக் கூப்பிட்டு வெச்சுக் காப்பாத்தணும் தம்பி” என்றார். அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. முருகன் தேடிப் போனது அரண்மனையில் இருந்தவளை இல்லை, பரண்மேல் நின்று குலத்தின் புனத்தைக் காவல் காத்தவளை.

சரி, நந்தவனத்துக்கு வருகிறேன்.

கோவிலுக்குப் பின்னால் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கரும்புக்காரர்களுக்கு உதவாத கல்லு நிலம். மொரீஷியஸில் கரும்பு வயல் நடுவே கோபுரம் மாதிரி கருங்கல் குவியல்களைப் பார்க்கலாம், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள் கையால் பொறுக்கி அடுக்கியவை. நந்தவனத்துக்கு ஒரு பக்கம் அந்தக் கல்லாலேயே சுவர், மறுபக்கம் இறக்கத்தில் ஓடை. நிலம் கோவில் பேரில் இருக்கிறது, தனியாக யாரும் உரிமை கொண்டாட முடியாது, விற்க முடியாது. பதினான்கு குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு வரிசை பார்த்துக்கொள்கின்றன. விளைந்ததில் முதலில் அம்மனுக்கு, அப்புறம் ஏழு கறி விருந்துக்கு, மீதியைக் குடும்பங்கள் பிரித்துக்கொள்ளலாம்.

ஏழு கறி என்பது இங்கே காவடிக்கும் திருவிழாவுக்கும் வாழையிலையில் போடுகிற சாப்பாடு. பூசணி, வாழைக்காய், பலாக்காய், கீரை என்று ஏழு வகை, கூடவே ‘ரசோன்’, நம் ரசம்தான். கடையில் வாங்கிச் சமைத்தாலும் விருந்து விருந்துதான். ஆனால் பந்தியில் உட்காரும்போது இலை உட்பட எல்லாமே பின்னாலிருக்கும் மண்ணில் விளைந்தது என்றால் அந்தச் சோற்றை எடுக்கிற கை கொஞ்சம் மெதுவாகத்தான் வாய்க்குப் போகிறது. வரிசையில் என்னென்ன இருக்கிறது என்று பெரியம்மா காட்டிக்கொண்டே வந்தார்: எலுமிச்சை, மல்லி, காவடிக்கு வேண்டிய சாமந்தி, முருங்கை. முருங்கைக்கீரைக்கு இங்கே ‘ப்ரேத் முரும்’ என்று பெயர், பீர்க்கங்காய் ‘பிபெங்காய்’. பேச்சிலிருந்து தமிழ் போய்விட்ட வீட்டில்கூடக் காய்கறிக் கூடையில் தமிழ் இருக்கிறது.

ஓடைக்கரைதான் கடினமான பகுதி. அங்கே கொய்யாவும் பிரிவெட் என்ற வெளிநாட்டுப் புதரும் விசிறி வாழையும் மண்டிக் கிடந்தன. வனத்துறையிடம் முறையாகக் கேட்டு, மூன்று வருஷமாக ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் களை எடுத்து, நாட்டு மரக்கன்று வைக்கிறார்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது, காவடிக்குச் சரியாகப் பத்து நாள் இருந்தது, போர்ட் லூயிஸில் காரெல்லாம் வெள்ளத்தில் மிதந்தது, இங்கே மேலே இருந்த வாழை முழுக்கச் சாய்ந்துவிட்டது. அந்த வருஷம் இலைக்கு அலைந்தார்களாம். ஆனால் கரையில் மரம் வைத்த இடத்தில் மண் நின்றது, வைக்காத இடத்தில் இரண்டடி சரிந்து ஓடைக்குள் போயிருந்தது. அதற்கப்புறம்தான் ஆரம்பத்தில் ‘எதற்கு இந்தக் காட்டு வேலை, இன்னும் நாலு வாழை வைக்கலாமே’ என்று சொன்னவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள்.

காலையில் அம்மனுக்கு விளக்கேற்றி, செருப்பை விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினோம். முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்ததால் சின்னக் கொய்யாக் கன்றுகள் வேரோடு வந்தன. பிடுங்கியதைக் கீழே போடக்கூடாது, வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும், அதனால் கிளையில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நான் உற்சாகத்தில் வேகமாகப் பிடுங்கிக்கொண்டே போனேன். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பதினாறு வயதுப் பையன், “அண்ணா, இது” என்று ஒன்றை உருவி எடுத்தான். ஒரு சாண் உயரம்கூட இல்லை. கொய்யாவுக்கு இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், இதற்கு மாறி மாறி இருந்தது, தடவினால் தோல் மாதிரி கெட்டி. கருங்காலிக் கன்று. இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் வைத்தது, இரண்டு வருஷத்தில் அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது.

மாலை வேண்டாம் என்று ஊருக்கு உபதேசம் செய்த அதே கையால் பிடுங்கியிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரியம்மா திட்டவில்லை. ஓடையில் தேங்காய் ஓட்டால் தண்ணீர் மொண்டு வந்து வேரை நனைத்து, “மண்ணு இன்னும் வேரிலதான் இருக்கு, சீக்கிரம் வை” என்றார். பழைய குழியிலேயே வைத்து, மண்ணை அமுக்காமல் விரலால் மட்டும் தள்ளி, கொய்யாக் குச்சி ஒன்றைப் பக்கத்தில் ஊன்றி, என் மேல்துண்டிலிருந்து ஒரு கிழிசல் கட்டினோம். அவர் மடியிலிருந்து விபூதி எடுத்து எனக்கும் வைத்தார், குச்சிக்கும் வைத்தார்.

அதற்கப்புறம் மதியம் வரை ஒவ்வொரு கன்றையும் இலை பார்த்துத்தான் பிடுங்கினேன். எல்லோரும் என்னைவிட இரண்டு மடங்கு எடுத்திருந்தார்கள். மேலே வந்து பூசணிக் கறியும் ரசமும் சாப்பிட்டோம், நாலு வாழையிலையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு என் காவடிக்கு வேண்டிய பூவையும் இலையையும் அங்கிருந்தே எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மாதம் ஒரு நாள் ஓடைக்கரை வேலை என்பது என் விரதத்தில் சேர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் செய்தார். கன்றில் இருந்த ஐந்து இலையில் மூன்று உதிர்ந்துவிட்டதாம். மீதி இரண்டு பச்சையாகத்தான் இருக்கிறது, வெயில் படாமல் தென்னங்கீற்று சாய்த்து வைத்திருக்கிறார். “நீ வரும்போது ஒரு பழைய வேட்டி கொண்டா தம்பி, அந்தத் துணி மழையில அவுந்து போச்சு” என்றார். எடுத்து வைத்திருக்கிறேன்.