உப்பைக் கழுவினேன், வைரஸ் போச்சு

மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த வைரஸ்களை ஒரே மதியத்தில் நானே கொன்றேன். எப்படிக் கொன்றேன் என்பதைச் சொன்னால் உங்களில் ஒருவராவது தப்பிப்பீர்கள்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் ஆக்டபஸ் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கே எடுத்த வைரஸ் டிஎன்ஏவிலிருந்துதான் 3173 என்ற பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி, கிடைத்தது. சூடு தாங்கும், ஆர்என்ஏவையும் நேரடியாகப் படிக்கும். அதேபோல உப்பு தாங்குகிற ஒன்று தூத்துக்குடி உப்பளத்து வைரஸ்களில் கிடைக்காதா என்பதுதான் என் ஆசை. இந்த வைரஸ்கள் பிடிப்பது உப்பில் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைத்தான், மனிதரை அல்ல. மாஸ்க்கைத் தேட வேண்டாம்.

முதல் பயணம் வீண். நவம்பரில் போனேன். மழையில் பாத்தி எல்லாம் குளமாகிக் கிடந்தது. உப்பின் அடர்த்தியைக் காட்டும் மீட்டரை விட்டால் நாலு டிகிரி. கடல் தண்ணீரே மூன்று டிகிரிக்குப் பக்கத்தில் வரும். "ஐப்பசியில வந்து உப்பு தேடுறியே தாயி" என்று தட்டுமேட்டில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் சிரித்தார். இருபது லிட்டர் கேன் நான்கையும் காலியாகவே பஸ்ஸில் ஏற்றித் திரும்பினேன். லக்கேஜ் டிக்கெட் மட்டும் முழுசாக வாங்கினார்கள்.

மே மாதம் போனபோது அதே அக்காதான் வழிகாட்டினார். நான் மீட்டரை எடுப்பதற்குள், "அந்தக் கடைசிப் பாத்திதான், தண்ணி செவந்திருக்கு பாரு, உப்பு இறங்கப்போவுது" என்றார். இருபத்தைந்து டிகிரி. அந்தச் சிவப்புதான் நமக்கு வேண்டிய ஆர்க்கியா, கூடவே துனாலியெல்லா பாசியும். அளத்துக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போனால் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி கேட்டிலேயே நிறுத்துவார். இன்னொன்று, பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. அந்த அக்கா வருஷக்கணக்காக அதில்தான் நிற்கிறார்.

வடிகட்டியதும் செறிவாக்கியதும் சுமாராகப் போயின. ஒரு ராத்திரி மட்டும் குழாயைக் கழுவாமல் வீட்டுக்குப் போனேன். காலையில் உள்ளே உப்பு படிகமாகி, விலை உயர்ந்த ஃபில்டர் ஒன்று கல்லாகிக் கிடந்தது. அன்றன்றைக்கே கழுவுங்கள், எவ்வளவு நேரமானாலும்.

அடுத்தது கொலை. வழக்கமான ஃபேஜ் (பாக்டீரியாவைப் பிடிக்கும் வைரஸ்) செய்முறையில் வைரஸை எஸ்எம் பஃபர் என்ற கரைசலுக்கு மாற்றி, டிஎன்ஏவைத் தின்னும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டு, வெளியே மிதக்கும் டிஎன்ஏவை அழிப்போம். டிஎன்ஏஸுக்குக் கடும் உப்பு ஆகாது என்பதால் உப்பைக் குறைப்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எஸ்எம் பஃபரில் லிட்டருக்கு ஆறு கிராம் உப்புகூட இல்லை. பாத்தித் தண்ணீரில் 250 கிராமுக்கு மேல். அங்கே பிறந்த வைரஸை இதில் இறக்கினால் பல வகைகளின் கூடு குலைந்துவிடுகிறது. டிஎன்ஏ வெளியே வந்து விழ, டிஎன்ஏஸ் காத்திருந்து தின்றுவிட்டது. நானே பந்தி வைத்த மாதிரி.

அதுகூட அன்று தெரியவில்லை. டிஎன்ஏ படியட்டும் என்று ஐசோபுரொப்பனால் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் டியூபின் அடியில் பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒன்று படிந்தது. அதைப் போட்டோ எடுத்து கைடுக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் எல்லாம் காட்டினார். டிஎன்ஏவை அளக்கும் க்யூபிட் கருவியில் வைத்தால் வாசிப்பு எல்லைக்கும் கீழே என்று வந்தது. அந்த வெள்ளைப் பருப்பு மிச்சமிருந்த உப்பு! அடியில் படியும் பெல்லட் பெரிதாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பிறகு புத்தி வந்தது. கொஞ்சத்தை மட்டும் தனியே எடுத்து, உப்பைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சைபர் கோல்டு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் புள்ளிகளை எண்ணினேன். பாதி உப்பு வரை தாக்குப்பிடித்தன. அதற்குக் கீழே பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின. அதனால் டிஎன்ஏஸை விட்டேன். சீசியம் குளோரைடில் சுற்றி வைரஸ் பட்டையை மட்டும் ஊசியால் உறிஞ்சினேன். அதுவும் உப்புதானே, வைரஸுக்குச் சொந்த ஊர் போல. செல்லின் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று, செல்லில் இருக்கும் 16எஸ் ஜீனைத் தேடும் பிசிஆரில் பார்த்துக்கொண்டேன். வைரஸை நாமாக உடைத்து, டிஎன்ஏ டயாலிசிஸ் பையில் பத்திரமாக இருக்கும்போதுதான் உப்பை வெளியேற்ற வேண்டும், அதற்கு முன் கூடாது. இந்த முறை க்யூபிட் 41 நானோகிராம் காட்டியது. டிஎன்ஏ வரிசையைப் படிப்பதற்கான தயாரிப்பான நெக்ஸ்டெரா எக்ஸ்டி லைப்ரரிக்கு ஒரு நானோகிராமே போதும். மூன்று தடவை அளந்து பார்த்தேன், நம்பிக்கை வராமல்.

இதற்கு நடுவில் ஆபீஸ் கூத்து. நுண்ணுயிர் வளர்க்கும் மீடியாவுக்காக "உப்பு, 25 கிலோ" என்று இண்டென்ட் (கொள்முதல் படிவம்) போட்டிருந்தேன். ஸ்டோர்ஸ் கிளார்க் சிவப்பு மையில் "ஹாஸ்டல் மெஸ் மூலம் பெறவும்" என்று எழுதித் திருப்பிவிட்டார். நேரில் போய் விளக்கினால், "வெளியில கிலோ இருபது ரூவாம்மா, நீங்க எதுக்கு இவ்வளவு விலைக்குக் கேக்கறீங்க?" என்றார். ஆய்வகத் தர உப்பு என்று சொல்லிப் புரியவைப்பதற்கு ஆறு வாரம், மூன்று கொட்டேஷன்.

டிஎன்ஏ வரிசையைப் படிக்க அனுப்பிய கூரியரில் அதைவிட மோசம். பார்சல் படிவத்தில் உள்ளது உள்ளபடி "வைரல் டிஎன்ஏ" என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பையன் வாங்கிக்கொண்டான், ஆனால் மேலே யாரோ படித்திருக்கிறார்கள். நான்காம் நாள் பார்சல் வாசலிலேயே திரும்பி வந்து நின்றது. உலர் பனிக்கட்டி ஆவியாகி வெறும் தெர்மோகோல்தான் மிச்சம். நல்லவேளை, சுத்தமான டிஎன்ஏ அதற்கெல்லாம் அசையாது. அடுத்த முறை எத்தனாலில் வீழ்த்தி உலர்த்தி, "நோய்த்தொற்று இல்லாத டிஎன்ஏ, உலர்ந்தது" என்று எழுதி, துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் ஒட்டினேன். இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது. பொய் ஒன்றும் எழுதவில்லை, பயமுறுத்தும் சொல்லை எடுத்தேன், அவ்வளவுதான். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களும், பேட்டன்ட் கனவில் இருப்பவர்களும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதல் நாளே படித்துவிடுங்கள். சாம்பிள் எடுத்த பிறகு படித்தால் வயிறு கலங்கும்.

டேட்டா வந்துவிட்டது. பெரும்பாலான ஜீன்கள் எந்த டேட்டாபேஸிலும் சொந்தக்காரர் இல்லாதவை. ஒன்று மட்டும் பி குடும்ப டிஎன்ஏ பாலிமரேஸ் ஜாடையில் இருக்கிறது; அமில அமினோ அமிலங்கள் நிறைய, உப்புக்காரன் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்து பார்த்தேன். உப்பில்லாத செல்லுக்குள் மடியத் தெரியாமல் கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது. இனி உப்பில் வாழும் ஆர்க்கியாவான ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியில்தான் முயல வேண்டும்.

அதன் மீடியாவுக்கும் உப்பு வேண்டும். நேற்று இண்டென்ட் போட்டேன்: "சோடியம் குளோரைடு, 5 கிலோ." கிளார்க் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.