முதுகைத் திருப்பி ஓடவிட்ட ஜாக் சார்ல்டன்

பாபி சார்ல்டனின் அண்ணன் என்று சொன்னால்தான் நம்மில் பலருக்கு ஜாக்கைத் தெரியும். 1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இருவருமே இங்கிலாந்துக்கு ஆடியவர்கள். பந்தைக் கையாளும் அழகில் தம்பிக்குப் பக்கத்தில் அண்ணன் நிற்க முடியாது. மேனேஜர் நாற்காலியில் கதையே வேறு. 1973-74 சீசனில் இருவரும் இரண்டாம் டிவிஷனில் தங்கள் முதல் மேனேஜர் வேலையைத் தொடங்கினார்கள். ஜாக்கின் மிடில்ஸ்ப்ரோ சாம்பியன், பாபியின் பிரஸ்டன் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

ஜாக் பெரிய தந்திரக்காரர் இல்லை. ஆனால் இருபது வருஷம் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டராக, நின்றவருக்கு, ஸ்டாப்பர் பேக்கை எது படுத்தும் என்பது அத்துப்படி. அவருடைய கோச்சிங் முழுக்க அந்த ஒரு அறிவிலிருந்து வந்ததுதான். பின்னாளில் அவர் நடத்திய அயர்லாந்து அணியை 'உதைச்சுட்டு ஓடு' கோஷ்டி என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

முதலில் ஆட்டக்காரர் ஜாக். 1935இல் ஆஷிங்டனில், சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். 1953 முதல் 1973 வரை ஒரே கிளப், லீட்ஸ் யுனைடெட். மொத்தம் 773 ஆட்டங்கள். அந்த கிளப்பில் இன்றும் அதுதான் சாதனை. இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம் 1965இல், முப்பது வயது நிறையச் சில வாரங்கள் இருக்கும்போது. தன்னை ஏன் எடுத்தீர்கள் என்று இங்கிலாந்து மேனேஜர் ஆல்ஃப் ராம்சேயிடம் கேட்ட கதையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஆடும் டிஃபெண்டர் பாபி மூர் பந்தோடு முன்னேறும்போதெல்லாம், அவர் பந்தை விட்டுவிடுவாரோ என்ற சந்தேகத்தில் ஜாக் பின்னால் போய் அந்த இடத்தை அடைப்பாராம். அந்தச் சந்தேகம்தான் வேண்டும் என்றாராம் ராம்சே.

லீட்ஸில் அவர் செய்த இன்னொரு வேலை கார்னரில். ஆறடிக்கு மேல் உயரம். நேராகப் போய் கோல் கோட்டில், கோல்கீப்பருக்கு முன்னால் நின்றுகொள்வார். பந்தை உள்பக்கம் வளையும்படி அவர் தலைக்கு அடிப்பார்கள். கீப்பர் குதிக்க வேண்டுமென்றால் முதலில் ஜாக்கைச் சுற்றி வர வேண்டும். தள்ளினால் பெனால்டி, நின்ற இடத்திலேயே நின்றால் ஹெடர். டிஃபெண்டர் ஒருவரைக் காவலுக்கு அனுப்பினால் கீப்பருக்கு முன்னால் கூட்டம் இன்னும் கூடும். ஜாக் பந்தைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. இன்று எல்லா அணியும் செய்கிற காரியம். அன்று புகார் மேல் புகார்.

மிடில்ஸ்ப்ரோவுக்கு வந்ததும் அவர் பார்த்தது ஆஃப்சைடு பொறியை. அன்றைய டிஃபென்ஸ்கள் கோடு கட்டி மேலே ஏறி நிற்கும். பாஸ் கிளம்பும்போது ஃபார்வர்ட் அந்தக் கோட்டிலேயே நின்றால் ஆஃப்சைடு என்று கொடி ஏறிவிடும். ஆகவே அவர் ஓடவிட்டது மிட்ஃபீல்டிலிருந்து கிளம்பும் ஆலன் ஃபாகனை. பாஸ் காலை விட்டுக் கிளம்பும் கணத்தில் ஃபாகன் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருப்பார், ஆனால் முழு வேகத்தில். டிஃபெண்டர்களோ எதிர்த்திசையில் மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நின்று திரும்புவதற்குள் ஃபாகன் தாண்டியிருப்பார். வெற்றிக்கு 2 புள்ளி என்ற அந்தக் காலத்தில் 65 புள்ளி, இரண்டாம் இடத்தைவிட 15 அதிகம். பிறகு எதிரணிகள் கோட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டன. முதுகுக்குப் பின்னால் இடமில்லாதபோது ஃபாகனின் ஓட்டத்துக்கு வேலையில்லை. இந்த மாதிரி ஆட்டத்தின் பலவீனம் அப்போதே தெரிந்துவிட்டது: எதிராளி மேலே ஏறி வந்தால்தான் இது பலிக்கும்.

நடுவில் ஷெஃபீல்டு வென்ஸ்டேவை 1980இல் மூன்றாம் டிவிஷனிலிருந்து தூக்கிவிட்டார். நியூகாசிலில் ஒரே ஒரு சீசன். அவற்றைத் தாண்டிப் போகலாம்.

1986இல் அயர்லாந்து. அதுவரை எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறாத நாடு. அந்தக் கால ஐரோப்பிய அணிகளில் பல, டிஃபென்ஸுக்குப் பின்னால் நிற்கும் ஸ்வீப்பரிடமிருந்து நிதானமாகப் பந்தை வளர்த்து, நடுவில் ஒரு பிளேமேக்கர் வழியாக ஆடுபவை. அதே ஆட்டத்தை ஆடி அவர்களை ஜெயிக்க முடியாது என்று ஜாக் முடிவு கட்டினார். அவர் திட்டத்தின் உறுப்புகள் இவை.

நீளப் பந்தை அடிப்பவர் பெரும்பாலும் ஃபுல் பேக், அதாவது ஓரத்து டிஃபெண்டர். பந்து போக வேண்டியது ஃபார்வர்டின் தலைக்கு அல்ல. எதிரணி ஃபுல் பேக்கின் தலைக்கு மேலே, அவருக்கும் கார்னர் கொடிக்கும் நடுவே. அவர் திரும்பி, தன் கோலைப் பார்த்தபடி, துள்ளும் பந்தைத் துரத்த வேண்டும். முதுகில் அயர்லாந்து ஃபார்வர்ட் ஆல்ட்ரிட்ஜோ ஸ்டேபிள்டனோ ஒட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது அவருக்கு மூன்று வழி. வெளியே உதைத்தால் ஆபத்தான இடத்தில் அயர்லாந்துக்கு த்ரோ-இன். கீப்பருக்குக் கொடுத்தால் அங்கும் ஒரு பச்சைச் சட்டை ஓடி வரும். திரும்பி ஆடப் பார்த்தால் பந்து போய்விடும். பந்து கிளம்பியவுடன் மொத்த அணியும் மேலே ஏற வேண்டும். இந்த ஏற்றம் பிந்தினால் நடுவில் பெரிய ஓட்டை விழும், சிதறி விழும் இரண்டாவது பந்து எதிராளிக்குப் போகும், திட்டம் அதோடு காலி. பந்து கொஞ்சம் நீண்டால் கீப்பர் வந்து அள்ளுவார். குறைந்தால் ஸ்டாப்பர் நின்ற இடத்திலிருந்தே தலையால் தள்ளுவார். சும்மா உதைத்தால் ஆகிற வேலை இல்லை இது.

1988 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), ஷ்டுட்கார்ட், இங்கிலாந்துக்கு எதிராக ஆறாவது நிமிடம். இடப்பக்கத்திலிருந்து கால்வின் பந்தை உள்ளே போடுகிறார். இங்கிலாந்தின் கென்னி சான்சம் அதை வெளியேற்றப் பார்க்க, பந்து காலில் சரியாகப் படாமல் மேலே கிளம்புகிறது. ஆல்ட்ரிட்ஜின் தலை, பிறகு ஹௌட்டனின் தலை, 1-0. அடுத்த ஆட்டத்தில் சோவியத் யூனியனுக்கு எதிராக வீலன் பந்து தரையில் விழுமுன்பே அடித்த வாலி, மெக்கார்த்தியின் நீள த்ரோ-இன்னிலிருந்து வந்தது. 1990இல் நெதர்லாந்துக்கு எதிராக அயர்லாந்து கீப்பர் பானர் நெடுக உதைத்த பந்தை வான் ஆர்லே தன் கீப்பருக்கே திருப்பிக் கொடுத்தார். வான் ப்ரூகெலன் அதைக் கைநழுவ விட, க்வின் சறுக்கி வந்து உள்ளே தள்ளினார். மூன்று கோலும் அழகுப் போட்டியில் தேறாது. ஆனால் ஆட்டத்துக்கு முன் பலகையில் வரைந்தது இதைத்தான்.

விலையும் இருந்தது. லியாம் பிரேடி போன்ற பாஸ்காரருக்கு இதில் இடமில்லை. 1989இல் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே அவரை வெளியே அழைத்தது, என் பார்வையில், கொடுமை. டேவிட் ஓலேரியையும் நெடுநாள் ஒதுக்கி வைத்தார். கடைசியில் 1990இல் ஜெனோவாவில் ருமேனியாவுக்கு எதிரான தீர்மானப் பெனால்டியை அடித்தவர் அதே ஓலேரி. அந்த உலகக் கோப்பையில் அயர்லாந்து ஐந்து ஆட்டத்தில் அடித்தது இரண்டே கோல். பெனால்டியைத் தவிர ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் காலிறுதி வரை வந்தார்கள். எகிப்து பின்னால் அமர்ந்து பந்தைக் கீப்பருக்கே கொடுத்துக்கொண்டிருந்த 0-0 ஆட்டத்தில், மிடில்ஸ்ப்ரோவில் வந்த அதே சிக்கல். முதுகுக்குப் பின்னால் இடமில்லை.

1992இல் பேக் பாஸை, அதாவது தன் அணிக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தை, கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி மாறியது. துரத்தும் அணிக்கு அது லாபம். ஆனால் தன் கீப்பரிடம் பந்தைக் கொடுத்து மூச்சு வாங்கும் வசதி அயர்லாந்துக்கும் போனது. 1994இல் ஹௌட்டனின் கோலால் இத்தாலியை ஜெயித்தார்கள். ஆர்லாண்டோ வெயிலில் மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்றார்கள். துரத்தி ஆடும் அணியின் கால்கள் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. அன்று ஆல்ட்ரிட்ஜ் கடைசியில் அடித்த அந்த ஒரு கோல் இல்லையென்றால் குரூப்பிலேயே ஊர் திரும்பியிருப்பார்கள். அடுத்த சுற்றில் நெதர்லாந்து. தன் கோலைப் பார்த்தபடி அயர்லாந்தின் ஃபெலன் கீப்பருக்குத் தலையால் தட்டிய பந்து வலுவில்லாமல் போக, ஓவர்மார்ஸ் பாய்ந்து எடுத்தார், பெர்க்காம்ப் முடித்தார். மற்றவர்களுக்கு ஜாக் வைத்த அதே பரீட்சை.

1995 டிசம்பரில் ஆன்ஃபீல்டில் யூரோ தகுதிக்கான ப்ளே-ஆஃப். நெதர்லாந்தின் இளம் க்ளைவெர்ட் இரண்டு கோல் அடித்தார், ஜாக் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் இன்னொரு ஸ்டாப்பர் பேக், அவருடைய கேப்டனாக இருந்த மிக் மெக்கார்த்தி. பந்தைத் தரையில் ஆட வைக்கத்தான் அவரும் முதலில் முயன்றார். 1998 உலகக் கோப்பை கைநழுவியது, 2002க்குத்தான் போய்ச் சேர முடிந்தது.