படகுத்துறைக் கால்வாயைத் தூர்வாரி பில் வாங்கிய கதை

கடைசி பில் போன வாரம்தான் பாஸ் ஆனது. மணலை அள்ளியதைவிட, அள்ளினோம் என்று நிரூபிப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது. நாகை - காங்கேசன்துறை கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு இந்த மாதிரி வேலையைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் அதிகம். அவர்களுக்காக இது. அந்தக் கப்பலே 2023 அக்டோபர் 14 அன்று கிளம்பி, சில நாட்களில் வடகிழக்குப் பருவமழைக்காக நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்றுதான் மறுபடி ஓடியது. இந்தக் கரையில் பருவமழைக் காலத்தில் கடல் நம்மை வேலை செய்ய விடாது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இடம் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். பெயர் வேண்டாம். ஆற்று வாயில் இருபக்கமும் கருங்கல் சுவர், உள்ளே பயணிகள் படகுக்கு ஒரு ஜெட்டி. முகத்துவாரத்திலிருந்து ஜெட்டி வரை 3.5 மீட்டர் ஆழம் கேட்டார்கள். நான் ஒப்பந்தக்காரர் பக்கத்து சைட் இன்ஜினியர். டெண்டர், அக்ரிமெண்ட், தூர்வாரும் ட்ரெட்ஜர் வந்து சேர்ந்தது, மிதவைக் குழாய் மாட்டியது எதிலும் குறையில்லை.

முதல் தடங்கல் காகிதம். "பராமரிப்புத் தூர்வாரல்தானே, சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. முதலில் துறைமுகம் கட்ட அனுமதி வாங்கியபோது கொடுத்த திட்டத்திலேயே இந்தப் பராமரிப்பும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. அதைக் காட்ட பழைய அனுமதிக் கடிதம் வேண்டும். அலுவலகக் கோப்பில் கடிதத்தின் முதல் பக்கம் பத்திரமாக இருந்தது. நிபந்தனைகள் அடங்கிய இணைப்பைக் காணோம். கேட்டால் கிளார்க், "முதல் பக்கத்துலதான் சார் கையெழுத்தும் சீலும் இருக்கு, வேற என்ன வேணும்?" என்றார். கடைசியில் சென்னைத் தலைமை அலுவலகத்துப் பழைய பீரோவிலிருந்து நகல் கிடைத்தது. மண்ணை எங்கே கொட்டலாம் என்பதும் அந்த இணைப்பில்தான் இருந்தது. அதைக் கையில் வாங்காமல் ட்ரெட்ஜருக்கு வாடகை ஓட விடாதீர்கள்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, கால்வாய் காலியாக இருக்கும், அப்போது ஆரம்பியுங்கள் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். கடலுக்குப் போகாத படகு எங்கே நிற்கும்? ஆற்றுக்குள்தான். ஒன்றோடொன்று கட்டி, நாங்கள் வெட்ட வேண்டிய இடம் முழுக்கப் படகு. ட்ரெட்ஜரைத் திருப்பக்கூட இடமில்லை. தடைக்காலத்தில் வாய்ப்பகுதியை வெட்டுங்கள், படகுகள் கடலுக்குப் போன பிறகு உள்பகுதிக்கு வாருங்கள்.

வாய்ப்பகுதி மணலை எங்கே தள்ளுவது என்பதில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொன்னதுதான் சரி. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்சுவர் அதைத் தடுப்பதால் தெற்கே கரை வளர்கிறது, வடக்கே கடல் அரிக்கிறது. "எங்க மண்ணை எங்க கரைக்கே போடுங்க தம்பி" என்றார் பெரியவர் ஒருவர். இணைப்பிலும் வடகரைக்கு இடமிருந்தது. படகு ஏற்றுகிற இடத்தைத் தவிர்த்துக் குழாயை வளைத்துப் போட்டோம். அரைநாள் பேச்சில் முடிந்தது.

இனி முக்கியமான விஷயம், அளவு. எங்களுக்குப் பணம் கன மீட்டர் கணக்கில். வெட்டுவதற்கு முன் ஒரு சர்வே, வெட்டிய பின் ஒரு சர்வே, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பில். பின்சர்வே வந்தபோது ஜெட்டியை ஒட்டி ஆழம் 3.1 மீட்டர் என்று காட்டி, பில்லைப் பிடித்து வைத்தார்கள். எங்கள் கருவியில் அதே இடம் 3.6.

இரண்டுமே பொய்யில்லை. ஆற்றுக்குள் அடியில் கூழ் மாதிரி தளர்ந்த சேறு கிடக்கும். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரில் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அந்தச் சேற்றின் மேல்மட்டத்திலேயே பட்டுத் திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் அதற்குள் ஊடுருவி, கெட்டித் தரையைத் தொட்டுத் திரும்பும். எதைக் கணக்கில் எடுப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வேலை கொடுத்த துறை சார்பில் சர்வே செய்த நிறுவனம் முன்சர்வே வரைபடத்தை 33-ல் போட்டது, பின்சர்வேயை 200-ல் போட்டது. ஆக, முன்பு கிடந்த சேறும் கணக்கில் வரவில்லை, பிறகு சேர்ந்த சேறு எங்கள் தலையில் விழுந்தது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 டன்னுக்குக் கீழே இருக்கும் சேற்றைத் தண்ணீராகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "இது ராட்டர்டாம் இல்லீங்க" என்றார் அதிகாரி. அதில் நியாயமும் உண்டு. சின்னப் படகின் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய் அந்தச் சேற்றை உறிஞ்சினால் நடுவழியில் நின்றுவிடும். அதனால் 200-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முன்னும் பின்னும் அதுவே இருக்கட்டும் என்று பேச்சை மாற்றினேன். காப்பாற்றியது முன்சர்வேயின் மூலப்பதிவு. வரைபடத்தில் ஒரு கோடுதான், கருவி இரண்டு அலைவரிசையையும் பதிந்திருந்தது. அந்தக் கோப்பை எழுத்துமூலம் கேட்டு வாங்கினோம்.

பிறகு கூட்டு சர்வே. படகு கிளம்புமுன் ஒலிக்கருவிக்கு நேர் கீழே, மீட்டருக்கு மீட்டர் அடையாளமிட்ட சங்கிலியில் இரும்புத் தகட்டை இறக்கினோம். தகடு இரண்டு மீட்டரில் நின்றால் திரையிலும் இரண்டு வரவேண்டும். வரவில்லை, சில சென்டிமீட்டர் தள்ளி நின்றது. தண்ணீரில் ஒலிவேகத்தைச் சரிசெய்து, தகடும் திரையும் ஒத்துப்போன பிறகுதான் துறையின் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கையெழுத்துப் போட்டார். தகட்டுச் சோதனை இல்லாத சர்வேயை யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

இதே வேகத்தில் இன்னொன்றும் அகப்பட்டது. ஜெட்டியில் நட்ட நீர்மட்டக் கோலின் சுழியம் சராசரிக் கடல்மட்டத்தில் இருந்தது. கடல் வரைபட ஆழமோ அதற்கும் கீழே உள்ள மட்டத்திலிருந்து எண்ணுவது. சென்னைப் பக்கம் இந்த இடைவெளி அரை மீட்டருக்கும் மேல். பில்லுக்கு இது பெரிய விஷயமில்லை, முன்னும் பின்னும் ஒரே கோல்தானே. ஆனால் கடல் வற்றும்போது காகிதத்தில் உள்ள ஆழம் இருக்காது, படகுக்கு அது தலைபோகிற விஷயம். கோலை மாற்றி நட்டு, ஜெட்டியை ஒட்டி மறுபடி ஒரு சுற்று வெட்டினோம். அதற்கும் எம் புக்கில் (பில்லுக்கான அளவுப் பதிவேட்டில்) தனியாகப் பதியச் சொன்னேன். பதிந்தார்கள்!

கால்வாயின் ஓரத்தைக் காட்டும் மிதவைகளை மறந்துவிடாதீர்கள். கால்வாயின் நடுக்கோடு கொஞ்சம் தெற்கே நகர்ந்திருந்தது, மிதவைகளோ பழைய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன. நம் நாட்டு முறைப்படி கடலிலிருந்து நுழையும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம் இருக்க வேண்டும். பழைய பச்சையை நம்பி வந்திருந்தால் படகு நேராகத் திட்டில் ஏறியிருக்கும். சோதனை ஓட்டத்துக்கு முன்பே அவற்றை மாற்றி, மாலுமிகளுக்கான அறிவிப்பும் போட வைத்தோம்.

இப்போது ஓராண்டுப் பராமரிப்பு எங்கள் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வாயைத் துப்புரவாகக் கழுவும். தை தாண்டி ஆற்றில் நீர் குறைந்தால் மணல் மறுபடி வாயில் திட்டுக் கட்டும். ஒப்பந்தம் போடும்போதே மாதாந்திர சர்வேக்குத் தனி விலை கேளுங்கள். அலைவரிசை எண்ணையும் எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.